கேட் இல்லாத ரயில் கடவை: தோட்டத்து மக்கள் என்ன கேட்கலாம்?

கேள்வி: எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் இடையில் இருக்கிறது. லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் பாதை ரயில் தண்டவாளத்தைக் கடந்துதான் போகிறது. கேட் இல்லை, மணி இல்லை, விளக்கும் இல்லை. கொழுந்து லொறி, ஸ்கூல் வேன், ஆட்டோ எல்லாம் அதில்தான் போய் வருகின்றன. போன மாதம் மூடுபனியில் ஒரு ஆட்டோ மயிரிழையில் தப்பியது. கேட் போடச் சொல்லி மனு எழுதலாம் என்று இருக்கிறோம். கிடைக்குமா? வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்:

மனு எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் "எங்களுக்கு கேட் வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு கடவைக்கு எந்த வகைப் பாதுகாப்பு என்று முடிவெடுக்கும்போது பல நாடுகளிலும் ஒரு நாளைக்கு எத்தனை ரயில், எத்தனை வாகனம் என்று எண்ணி இரண்டையும் பெருக்கிப் பார்ப்பார்கள். மலையகப் பாதையில் ரயில்கள் குறைவு, தோட்டப் பாதையில் வாகனங்களும் குறைவு. அந்தக் கணக்கில் உங்கள் கடவை எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். ரயிலும் வாகனமும் அதிகமான கம்பஹா பக்கத்துக் கடவை ஒன்றோடு எண்ணிக்கையில் போட்டி போட்டு நீங்கள் ஜெயிக்க முடியாது. நீங்கள் பேச வேண்டியது வேறொரு எண்ணில்: விநாடிக் கணக்கில்.

கடவையின் ஓரத்தில் நிற்கும் ஒரு சாரதியின் கண்ணில் ரயில் முதலில் பட்டதிலிருந்து அது கடவைக்கு வந்து சேர எத்தனை விநாடி ஆகிறது? அந்த நேரத்துக்குள் அவருடைய வண்டி முழுவதும் அந்தப் பக்கம் போய்ச் சேருமா? மணியும் கேட்டும் இல்லாத கடவையின் பாதுகாப்பு இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 மீட்டர் நீளக் கொழுந்து லொறி தண்டவாளத்துக்கு 5 மீட்டர் முன்னால் நிற்கிறது. அதன் வால் பகுதி தண்டவாளத்தைத் தாண்டி 5 மீட்டர் போனால்தான் ஆபத்து விலகியது என்று சொல்லலாம். நம்முடைய அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1.676 மீட்டர். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 19 மீட்டர். பாரம் ஏற்றிய லொறி நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் ஏறிப் போக 9 விநாடி ஆகும். இரண்டு பக்கமும் பார்த்து முடிவெடுக்க இன்னும் 3 விநாடி. ஆக 12 விநாடி. ரயில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தாலும் அந்த 12 விநாடியில் 100 மீட்டர் வந்துவிடும். 40 கிலோமீட்டர் என்றால் 130 மீட்டருக்கு மேல்.

நம் மலையகப் பாதையில் 100 மீட்டர் பார்வை எத்தனை இடத்தில் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? இந்தப் பாதை 1885இல் நானுஓயா வரைக்கும், 1924இல் பதுளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 44 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவுகளோடும், ஆரம் 100 மீட்டர் அளவே உள்ள (பழைய கணக்கில் 5 செயின்) வளைவுகளோடும் மலையைச் சுற்றிச் சுற்றிப் போட்ட பாதை இது. அப்படிப்பட்ட ஒரு வளைவின் உட்புறத்தில், பாதையின் நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஒரு மண் கரை இருக்கிறது என்று வையுங்கள். ரயில் சாரதிக்கு முன்னால் தெரியும் தூரம் 57 மீட்டர்தான். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 7 விநாடி.

சரி, ரயில் பிரேக் போட்டு நிறுத்தாதா என்று கேட்பார்கள். நிறுத்தாது. இறக்கத்தில் வருகிற ரயிலை அந்த 44க்கு 1 சரிவே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். பிரேக்கின் வலிமையில் பாதிக்கு நெருக்கமான பங்கு அந்த இழுப்பைச் சமாளிக்கவே போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் வேகம் குறைய வேண்டும். பிரேக் எல்லாப் பெட்டிக்கும் பிடிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால், 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 150 மீட்டர் தேவைப்படலாம். கண்ணில் பட்டது 57 மீட்டரில். ரயில் சாரதி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "வாகனச் சாரதியின் கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கவனமாக இருப்பவருக்கும் போதிய நேரம் கிடைக்காத இடங்கள் இவை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கடவை ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஏற்றத்தில் வரும் ரயில் முழு மூச்சோடு உறுமிக்கொண்டு வரும், அரை மைல் முன்பே காது கேட்கும். இறக்கத்தில் வரும் ரயிலின் எஞ்சின் ஏறக்குறைய சும்மா இருக்கும், அதனால் சத்தமே இல்லாமல் வந்துவிடும். மழை, காற்று, மூடுபனி, ஆட்டோவின் எஞ்சின் சத்தம், உள்ளே ஒலிக்கும் பாட்டு, இதெல்லாம் சேர்ந்தால் அது கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஆபத்து அதிகமான ரயில்தான் அமைதியாக வருகிறது. "சத்தம் கேட்டால் நின்றுகொள்" என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போதாது.

"எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று எங்களுக்கு மனப்பாடம்" என்றும் சிலர் சொல்வார்கள். பொடி மெனிக்கே போய்விட்டது, இனி உடரட்ட மெனிக்கே வரும்வரை பயமில்லை என்ற கணக்கு. மலைப்பாதையில் ரயில் தாமதமாவது சாதாரணம். அது போக எண்ணெய் ஏற்றி வரும் ரயில், தனி எஞ்சின், பாதை பார்க்க வரும் ட்ரொலி, மண் சரிந்த இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகும் வண்டி எல்லாம் பயணிகள் பார்க்கும் அட்டவணையில் இருக்காது.

இப்போது உங்கள் கையால் செய்யக்கூடியது. லொறி நிற்க வேண்டிய இடத்தில், தண்டவாளத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி, சாரதியின் கண் உயரத்தில் போனைப் பிடித்து வீடியோ எடுங்கள். ரயில் முதலில் தெரியும் கணத்திலிருந்து கடவையைத் தொடும்வரை எத்தனை விநாடி என்று வீடியோவே சொல்லிவிடும். மேலே போகும் ரயிலுக்கும் கீழே வரும் ரயிலுக்கும் தனித்தனியாக எடுங்கள். வெயிலில் ஒரு தடவை, மூடுபனியில் ஒரு தடவை. தண்டவாளத்தில் இறங்கி நாடா பிடித்து அளக்கப் போகாதீர்கள், தேவையும் இல்லை. 12 விநாடிக்குக் குறைவாக வந்தால் உங்கள் மனுவின் முதல் வரி அதுதான்.

அந்த விநாடிகளைக் கூட்டுவதற்கு மலிவான வழி புல் வெட்டுவது. சொன்னால் சிலர் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதானா என்று. ஆனால் பாதை ஓரத்தில் ஆளுயரத்துக்கு வளர்ந்த மானாப்புல்லும் கினியாப்புல்லும் மறைக்கும் தூரம் கொஞ்சநஞ்சமில்லை. தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகக் கொழுந்து பறித்துக் கவ்வாத்து செய்யும் மலையில் செடி இடுப்பளவுதான், அதன் மேலே பார்வை தாராளமாகப் போகும். கைவிடப்பட்ட மலையில் அதே தேயிலை மரமாகி நிற்கிறது. தோட்ட நிர்வாகம் விட்டுவிட்ட ஒரு மூலையால் கடவையில் 5 விநாடி காணாமல் போகிறது. ரயில்வேயின் ஒதுக்கு நிலத்தில் உள்ள புல் ரயில்வேயின் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ள தேயிலை, டர்பன்டைன் மரம், வேலி எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை என்று வருடத்தில் இரண்டு முறையாவது வெட்ட வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புல்லையும் பற்றையையும் வெட்டலாம், மண்ணில் கை வைக்காதீர்கள். பார்வைக்காக என்று கரையைச் செதுக்கிவிட்டால் அடுத்த பெரிய மழையில் அது சரிந்து தண்டவாளத்தில் வந்து உட்காரும். கரையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ரயில்வே பொறியியல் பகுதியும் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பும் வந்து பார்த்த பிறகுதான்.

எல்லாம் வெட்டியும் விநாடி போதவில்லை என்றால்? கடவைக்கு முன்னால் ஹோர்ன் அடிக்கச் சொல்லும் பலகையை ரயில் பாதையில் இன்னும் தூரத்தில் வைக்கக் கேட்கலாம். அந்த இடத்துக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கக் கேட்கலாம். இவற்றுக்குப் பணச்செலவு அதிகமில்லை. கடவையையே வளைவிலிருந்து நேரான துண்டுக்கு நகர்த்த முடியுமா என்றும் பாருங்கள். 50 மீட்டர் சுற்றிப் போவது யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. வளைவில் குவிகண்ணாடி மாட்டலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் ஊர்ப் பனியில் அது எப்போதும் நனைந்து மங்கியிருக்கும், தெளிவாக இருந்தாலும் ரயிலைச் சின்னதாக, தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும்.

அடுத்தது பாதையின் தரை. பல தோட்டக் கடவைகளில் வீதி செங்குத்தாக ஏறி தண்டவாளத்தில் ஒரு மேடுபோல முடிகிறது. மழையில் சரளை அரித்துப்போய் தண்டவாளம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பாரம் ஏற்றிய லொறி அந்த இடத்தில் எஞ்சின் அணைந்து நின்றுவிடும். ஆட்டோவின் முன்சக்கரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தில் மாட்டும். மோட்டார் சைக்கிள் ஈரத் தண்டவாளத்தில் சாய்வாக ஏறினால் வழுக்கி விழும், நேர் குறுக்காகத்தான் ஏற வேண்டும். கேட்க வேண்டியது இதுதான்: தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு லொறி நீளத்துக்குச் சமதளம், நடுவில் கொங்கிரீட் பலகை அல்லது நல்ல தார், நிற்க வேண்டிய இடத்தில் தடித்த வெள்ளைக் கோடு, சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய 'நில்' பலகை. வீதி இறக்கமாக வந்து கடவையில் முடிகிறது என்றால் சமதளம் இன்னும் முக்கியம். ஈரச் சரிவில் பிரேக் பிடித்த வண்டி சறுக்கிப் போய் நிற்கும் இடம் தண்டவாளமாக இருக்கக் கூடாது.

இனி கேட் பற்றி. ஆள் நிற்கும் கேட், மணியும் விளக்கும் மட்டும் உள்ள கடவை, தானாக இறங்கும் தடைக் கம்பம் என்று சில வகைகள் உண்டு. தானியங்கி வகை தண்டவாளத்தில் ரயில் ஏறியதை உணர்ந்து வேலை செய்கிறது. அதற்கு மின்சாரம், பற்றரி, கேபிள், அடிக்கடி வந்து பார்க்கும் தொழில்நுட்பவியலாளர் எல்லாம் வேண்டும். பழுதான மணி, மணியே இல்லாததைவிட மோசம். சத்தம் இல்லை என்றால் ரயில் இல்லை என்று மக்கள் பழகிவிடுவார்கள். ஆகவே கருவி கேட்கும்போதே, அது பழுதானால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் வந்து பார்ப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஆள் நிற்கும் கேட்டுக்கு மலையகத்தில் ஒரு வசதி இருக்கிறது. இங்கே ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு ரயில் புறப்பட இரண்டு நிலைய அதிபர்களும் பேசி டெப்லட் (அந்தத் துண்டுப் பாதைக்குள் நுழைய ரயிலுக்குக் கொடுக்கும் அனுமதி வில்லை) கொடுக்க வேண்டும். அதாவது ரயில் உங்கள் பகுதிக்குள் வருவது தலவாக்கலைக்கும் வட்டகொடைக்கும் முன்கூட்டியே தெரியும். அந்தத் தகவல் ஒரு போன் அழைப்பாகக் கடவைக்கு வந்தால் காவலர் நிதானமாகக் கேட்டை மூடலாம். டெப்லட் முறை ரயிலோடு ரயில் மோதாமல் காக்கிறது, அதே தகவலை வீதியில் போகிறவருக்கும் கொடுப்பது பெரிய வேலையே இல்லை.

ஆனால் அந்தக் காவலரை எப்படி நடத்துகிறோம்? நாட்டின் பல பகுதிகளில் பாதுகாப்பற்ற கடவைகளில் பொலிஸ் மூலமாக அமர்த்தப்பட்ட கடவைக் காப்பாளர்கள், நாளுக்கு 250 ரூபாதான் கிடைக்கிறது, நிரந்தர நியமனம் இல்லை என்று எத்தனை தடவை வீதியில் இறங்கிப் போராடினார்கள். ஒரு பஸ் நிறைய உயிரைக் காக்கும் வேலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதாத கூலி. உங்கள் கடவைக்கு ஆள் கேட்கும்போது, கூரை, மழையங்கி, விளக்கு, போன், இரவு மாற்று ஆள், ஒழுங்கான சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

கேட் இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க முடியாது. 2005 ஏப்ரல் 27இல் பொல்காவலைப் பக்கம் யாங்கல்மோதரையில், ரயிலுக்கு முன் கடந்துவிடலாம் என்று நுழைந்த தனியார் பஸ்ஸைக் கொழும்பு–கண்டி கடுகதி ரயில் மோதி 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேட் இல்லாத இடத்தில் நடந்ததையும் பாருங்கள்: 2018 ஏப்ரல் 26இல் இந்தியாவின் குஷிநகரில் ஆளில்லாக் கடவையில் ஸ்கூல் வேன் ஒன்று ரயிலில் மோதி 13 பிள்ளைகள் இறந்தார்கள். சாரதி காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அப்போது செய்தி வந்தது. அதற்கு அடுத்த வருடம், 2019 ஜனவரியோடு, இந்தியா தன் அகலப் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவைகள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டது. எல்லா இடத்திலும் கேட் போடவில்லை. சிலவற்றை மூடினார்கள், சிலவற்றைப் பக்கத்துக் கடவையோடு சேர்த்தார்கள், சில இடங்களில் அடியில் சின்னப் பாதை குடைந்தார்கள், மிச்சத்துக்கு ஆள் போட்டார்கள். நமக்குப் பொருந்தும் பாடம் அந்த மூன்றாவது வழியில் இருக்கிறது. சமவெளியில் தண்டவாளத்துக்கு மேலேயோ கீழேயோ பாதை போட வேண்டுமென்றால் உயரத்தை உண்டாக்க வேண்டும், செலவு அங்கேதான். மலையில் உயரம் ஏற்கெனவே இருக்கிறது. ரயில் மண்மேட்டில் போகும் இடத்தில் அடியில் நடைபாதை, வெட்டிய பள்ளத்தில் போகும் இடத்தில் மேலே சின்ன நடைபாலம். லொறிக்கு முடியாவிட்டாலும் நடந்து போகிறவர்களுக்குப் பல இடங்களில் முடியும்.

நடந்து போகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அவர்கள் இல்லை. தண்டவாளம்தான் நம் மக்களுக்கு நடைபாதை. இதல்கஸ்ஹின்ன, ஒஹிய பக்கம் போய்ப் பாருங்கள். ஹப்புத்தளையில் ஊருக்கு நடுவிலேயே ரயில் போகிறது, சந்தைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தில்தான் நடக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள், மலைக்குப் போகும் பெண்கள், கர்ப்பிணிகள், தலையில் விறகோடு வருகிறவர்கள். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று பலகை வைத்துவிட்டால் அவர்கள் எங்கே நடப்பார்கள்? வீதியால் சுற்றிப் போனால் மூன்று, நான்கு மைல். அந்தப் பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. பாதைக்குப் பக்கத்தில், வடிகாலுக்கு அப்பால், இரண்டு அடி அகலத்தில் படிக்கட்டும் கைப்பிடியுமாக ஒரு நடைபாதை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அது முடியாத பாலத்திலும் சுரங்கத்திலும் பிள்ளைகளைத் தனியாக விடக் கூடாது. தாய்மாரே முறைவைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம், அல்லது அந்த ஒரு துண்டுக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது: இறக்கத்தில் வரும் ரயிலுக்குச் சத்தம் இல்லை, அந்தப் பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார். காதில் எதுவும் மாட்டாதே. குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைக்காதே.

ஸ்கூல் வேனுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு பழக்கத்தை நாளைக்கே ஆரம்பிக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். வண்டி கோட்டில் நிற்க வேண்டும், பாட்டை நிறுத்த வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும். உதவியாளரோ நடத்துனரோ இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். கடக்கும்போது கியர் மாற்றக் கூடாது. அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே நுழையக் கூடாது.

வண்டி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள், வண்டியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். உடனே இரண்டு பேர் இரண்டு திசையிலும் ஓட வேண்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால், ரயில் இறங்கி வரக்கூடிய மேட்டுப் பக்கம் ஓட வேண்டும், அந்தப் பக்கத்து ரயில்தான் நிற்க அதிக தூரம் எடுக்கும். 200 மீட்டராவது போய், தண்டவாளத்துக்கு வெளியே நின்றுகொண்டு சிவப்புத் துணியையோ டோர்ச்சையோ கையில் கிடைத்ததையோ பலமாக ஆட்ட வேண்டும். எதையாவது வேகமாக ஆட்டினால் அது நிறுத்தச் சொல்லும் சைகை என்பது ரயில்வேயில் பழைய வழக்கம். அதே நேரம் இன்னொருவர் பக்கத்து நிலையத்துக்கும் 119க்கும் போன் பண்ண வேண்டும். அதற்காகத்தான் கடவையில் ஒரு பலகை கேளுங்கள்: அந்த இடத்தின் மைல் இலக்கமும் இரண்டு பக்கத்து நிலையங்களின் போன் இலக்கமும் அதில் இருக்கட்டும். ஒரு பலகையின் விலைதான்.

மனுவை யாருக்கு எழுதுவது என்பதில்தான் நம் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. தண்டவாளம் ரயில்வே திணைக்களத்துடையது. பாதை தோட்டத்துடையது. பிரதேச சபை, "தோட்டத்துக்குள் செலவு செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கையை விரித்துக் கொண்டிருந்தது. அது பழைய கதை. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்யலாம். இன்றைக்கும் யாராவது அந்தக் காரணத்தைச் சொன்னால் திருத்தத்தைக் காட்டுங்கள். ஒரே கடிதத்தை ரயில்வே பொது முகாமையாளர், தோட்ட முகாமையாளர், பிரதேச சபைத் தலைவர் மூவருக்கும் முகவரியிட்டு, யார் எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லிப் பிரித்து எழுதுங்கள். புல்லும் ஹோர்ன் பலகையும் கடவைத் தரையும் ரயில்வேக்கு, தேயிலையும் மரமும் தோட்டத்துக்கு, சமதளமும் வெள்ளைக் கோடும் நடைபாதையும் சபைக்கு. பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் பிரதி. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனாலும் சிங்களப் பிரதி ஒன்றை இணைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

இணைக்க வேண்டியவை: விநாடிக் கணக்கு, அந்த வீடியோக்கள், ஒரு சாதாரண வேலை நாளில் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை கடந்த வாகனங்களும் ஆட்களும் (பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள்), தப்பிய சம்பவங்களின் திகதி, நேரம், வானிலை. அந்த ஆட்டோக்காரரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாள் போனால் மறந்துவிடும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள், அங்கே மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்கலாம். எந்தத் தொழிற்சங்கமாக இருந்தாலும் சரி, தோட்டத்துத் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்தே கையெழுத்துப் போடட்டும்.